நானுஓயாவில் இறங்குகிறவர்கள்

ஹட்டனை விட்டுக் கிளம்பிய ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வாலிபர்கள் ஊளையிட்டார்கள். இந்தப் பாதையின் பழைய வழக்கம் அது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் இதே சத்தம்தான். டொரன்டோவிலிருந்து வந்திருந்த அக்காவின் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். இருட்டு விலகியபோது கொட்டகலைத் தேயிலை இரண்டு பக்கமும் பச்சையாக விரிந்து கிடந்தது. 2025 ஏப்ரல். நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டது.

சீசன் காலத்து மலையக ரயிலில் ஏறினால் யார் எந்த உரிமையில் பயணம் செய்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். எங்களுக்கு எதிரே கொழும்பு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் குமாஸ்தா குடும்பம். அவர்களிடம் இருந்தது வாரண்ட். அரச ஊழியர் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்வர ஆண்டுதோறும் கிடைக்கும் ரயில் சலுகை அது. வாசற்படியில் கால்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஹோட்டல் மூலமாக டிக்கட் வாங்கியவர்கள். அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டபோது எதிரே இருந்த குமாஸ்தா தலையில் கைவைத்தார். பின்னால், முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில், கூடையும் பையுமாக நின்றபடி வந்தவர்கள் எங்கள் ஆட்கள். தலவாக்கலையிலும் வட்டகொடையிலும் இறங்க வேண்டியவர்கள்.

எல்ல வழியாகப் போகும் இந்தப் பாதையின் ஆசனங்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பதிவுக்குத் திறக்கப்பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த ஆசனங்கள் வேறு கைகளில், பல மடங்கு விலைக்கு, மறுபடி முளைக்கின்றன. இது பற்றி 2025 தொடக்கத்தில் பொலிஸ் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையே நடத்தியது. ஆசனத்துக்கு ஒரு விலை. ஆசனத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இன்னொரு விலை. அந்த இரண்டு விலைகளும் நான் நினைத்ததைவிட அதிக இடங்களில் இருக்கின்றன என்பது இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தலவாக்கலைப் பக்கம் சென் கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்து தெரிந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து அது பழைய வேகத்தில் விழுவதில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. சின்ன வயதில் அவள் கண்டது வேறு நீர்வீழ்ச்சி. வட்டகொடை தாண்டி கிரேட் வெஸ்டர்ன் மலை ஜன்னலை நிறைத்தபோதுதான் மறுபடி பேச ஆரம்பித்தாள். பேச்சு ஒர்லாண்டோவுக்குப் போனது.

கனடாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது ஒருமுறையாவது ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போவது ஒரு கடமை மாதிரி. அக்கா வீட்டுக்காரர் அங்கே ஹோட்டலில் நேரடியாக அறை எடுப்பதில்லை. வேறொருவருடைய புள்ளிகளை வாடகைக்கு வாங்குகிறார். டிஸ்னி வெகேஷன் கிளப் 1991இல் தொடங்கியது. அதில் சேருகிறவர் பெரிய தொகை கொடுத்துப் பல பத்தாண்டுகளுக்கான ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். வருடாவருடம் அவர் கணக்கில் இத்தனை புள்ளி என்று விழும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து அறை எடுக்கலாம். கூட்டமான நாட்களுக்கு அதிகப் புள்ளி, ஆளில்லாத நாட்களுக்குக் குறைவு. பூங்கா தெரியும் ஜன்னலுக்கு ஒரு கணக்கு, கார் நிறுத்துமிடம் தெரியும் ஜன்னலுக்கு இன்னொரு கணக்கு. பராமரிப்புக் கட்டணத்தை அவர் போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும். அடுத்த ஆண்டுக்கு ஓரளவு சேர்த்து வைக்கலாம்; அதற்கும் தவணை உண்டு. தவணை கடந்தால் புள்ளி செத்துப்போகும். ஆகவே போக முடியாத ஆண்டில் யாருக்காவது வாடகைக்குக் கொடுத்து, கட்டிய காசில் கொஞ்சத்தையாவது மீட்கப் பார்ப்பார்.

வாங்குகிறவருக்கு ஹோட்டல் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. பெரிய அறை, சமையலறையோடு. ஆனால் பதிவு நடப்பது அந்த உறுப்பினருடைய கணக்கில். தேதியை மாற்ற வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போக முடியாவிட்டால் கொடுத்த காசு பெரும்பாலும் திரும்பாது. நேரடியாக எடுத்த அறையைக் குறித்த நாளுக்கு முன் ரத்துச் செய்யலாம். எடுத்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கும். “காசுக்காரருக்கு நேரடிப் பதிவு, கணக்குப் பார்க்கிறவருக்குப் புள்ளி” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அமெரிக்கர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் விடுமுறை வீட்டைப் பலர் வாரக்கணக்கில் பங்குபோட்டுக்கொள்ளும் வியாபாரம் 1960களில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தொடங்கியது. இந்தியாவிலும் அது மலை ஏறித்தான் வளர்ந்தது. சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலையும் ஊட்டியையும் காட்டித்தான் நடுத்தர வர்க்கத்தை இழுத்தது. 1996இல் வந்த கிளப் மஹிந்திரா மூணாறிலிருந்து கணக்கைத் தொடங்கி 25 ஆண்டு உறுப்புரிமை விற்றது. குளிர்ந்த மலையில் வருடத்துக்கு ஒரு வாரம் தனக்கென்று இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு நம் பக்கத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன வேர் இருக்கிறது. அந்த வேரைப் பார்க்க வேண்டுமென்றால் நானுஓயாவில்தான் இறங்க வேண்டும்.

நானுஓயா நிலையம் கடல் மட்டத்துக்கு 1,600 மீற்றருக்கு மேலே, ஓடைப் பள்ளத்தாக்கில் ஒதுங்கி நிற்கிறது. ரயில் 1885இல் இங்கே வந்து சேர்ந்தது. ஹப்புத்தளைக்குப் பாதை நீண்டது 1893இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் இதுதான். கொழும்பு வெயிலைத் தாங்க முடியாத துரைமாரும் அவர்கள் பெண்களும் ஏப்ரலில் இங்கே வந்து இறங்கி, குதிரை வண்டியில் நுவரெலியாவுக்கு ஏறினார்கள். 1903-04இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் விடுமுறைக்காரர்களை ஏற்றவும் ஒரே பாதை. 1940களில் அது மூடப்பட்டது. தண்டவாளம் போன தடத்தில் இப்போது காய்கறித் தோட்டங்களும் வீடுகளும்.

அதே நிலையத்தில் இறங்கியவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ஓய்வெடுக்க வந்தவர்களல்ல. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமைக் கடந்து, ரயிலில் ஏறி, இந்த மலைகளில் பிரிந்து போனார்கள். எங்கள் பாட்டனார் இறங்கியது ஹட்டனில். சின்னம்மா கட்டிப்போன வீட்டார் இறங்கியது நானுஓயாவில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்கள் ரயில் ஏறியதும் இதே போன்ற மேடைகளில்தான். ஓலமிட்டு அழுததை அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே கண்ட மாதிரி இருக்கிறது. சீசனுக்கு வண்ணக்கொடி கட்டிய மேடையில் நின்று இதையெல்லாம் அக்காவின் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள், முழுக்கப் புரிந்திருக்காது. புரியும் வயது வரும்.

நாங்கள் தங்கப்போனது ஒரு சேர்கிட் பங்களாவில். எந்தத் திணைக்களத்தினுடையது என்று எழுதப் போவதில்லை. அக்காவோடு படித்த தோழி ஒருத்தி அந்தத் திணைக்களத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குரிய முறையில் விண்ணப்பித்து, கிடைத்த அறைகளை எங்களுக்குத் தந்தாள். பிளக்பூல் சந்தியைத் தாண்டி மேலே ஏறினால் சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவில், தகரக்கூரையும் புகைபோக்கியும் உள்ள பழைய வீடு. முற்றத்தில் ஹைட்ரேஞ்சியா.

இலங்கையில் அரசாங்க வேலை பார்க்கும் வீடுகளில் சேர்கிட் பங்களா என்றாலே பிள்ளைகள் முகம் மலரும். கடமைக்காக ஊர் ஊராய்ப் போகும் அதிகாரிகள் இரவு தங்குவதற்கென்று ஆங்கிலேயர் தொடங்கிய வழக்கம், காலப்போக்கில் ஊழியர்களின் விடுமுறை வீடாக மாறியது. வங்கிகள், மின்சார சபை, வனத் திணைக்களம் என்று பலருக்கும் பலவிடங்களில் உண்டு. நுவரெலியாவில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கென்றே ஜெனரல்ஸ் ஹவுஸ் இருக்கிறது. வாடகை சொற்பம். அரிசியும் கோழியும் மரக்கறியும் நாம் கொண்டுபோக வேண்டும். பங்களாக்காரர் சமைத்துத் தருவார். ஏப்ரலுக்கு விண்ணப்பங்கள் குவியும். கிடைத்தவர் தன் அண்ணனை, மைத்துனரை, பக்கத்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு வேனில் வருவார். ஒரே அறையில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுப்பார்கள். இரவு முழுக்க பைலாப் பாட்டு. இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பல மலைநாட்டுக் குளிரை முதன்முதலில் உணர்ந்தது இப்படித்தான். அதை நான் மதிக்கிறேன். ஹோட்டல் விலை கொடுக்க வழியில்லாத ஒரு எழுதுவினைஞரின் பிள்ளை விக்டோரியா பூங்காவைப் பார்த்தது இந்த உரிமையால்.

பங்களாக்காரர் எழுபதைத் தொட்ட தமிழர். அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். ரோஸ்ட் போடுவதும் புட்டிங் செய்வதும் அப்பாவிடம் படித்தது என்றார். “வாங்க தங்கச்சி, குளிரு ஏறுறதுக்குள்ள பிள்ளைகள குளிக்க வைங்க” என்று அக்காவிடம் சொல்லி, விறகு மூட்டி வெந்நீர் வைத்தார். அன்றிரவு கணப்படுப்பருகே உட்கார்ந்து ரசமும் கோழிப் பொரியலும் சாப்பிட்டோம். அக்காவின் மூத்தவன் டிஸ்னியைவிட இது நல்லது என்றான். நெருப்பு அவனுக்குப் புதிது.

நகரத்தில் சீசன் கொடிகட்டிப் பறந்தது. ஏப்ரல் முதலாம் திகதி பள்ளிக்கூடப் பாண்ட் வாத்திய அணிவகுப்போடு தொடங்கும் கொண்டாட்டம் மாதம் முழுக்க நீளும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மஹகஸ்தொட்டையில் 1934இலிருந்து நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயம். ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் சதுப்பு நிலத்தைத் தேக்கி உண்டாக்கிய ஏரிக்கரையில் அன்னப் படகு, மட்டக்குதிரை, சுழல் ராட்டினம், சோளப்பொரி. பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஒர்லாண்டோவில் எல்லாவற்றுக்கும் வரிசை இருக்கும்; இங்கே வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இருக்கிறது. அக்காவின் சின்னவள் குதிரையைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள்.

ஏரியிலிருந்து மேலே நடந்தால் பழைய சீமான்களின் வீடுகள். கிராண்ட் ஹோட்டல், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்கென்று கட்டிய வீட்டிலிருந்து வளர்ந்தது. அதன் பக்கத்தில் ஹில் கிளப், 1876இல் தோட்டத் துரைமார் தொடங்கியது. இலங்கையர் அதில் உறுப்பினராக, சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் ஆனது. இன்று யாரும் அங்கே அறை எடுக்கலாம். ஆனால் முதலில் தற்காலிக உறுப்பினராக வேண்டும், அதற்கொரு கட்டணம். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும். உறுப்பினர் என்ற சொல்லை விலைக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் முறை இந்த ஊரில் டிஸ்னிக்கு வெகுகாலம் முந்தியது.

பங்களாவுக்குத் திரும்பியபோது முதியவர் வாசலில் நின்றிருந்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. மேலதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வருகிறார், பெரிய அறையைக் காலி செய்ய வேண்டும். கடமையில் வருகிற அதிகாரிக்கு முன்னுரிமை என்பது விதி. சீசனில் எல்லோரும் ஏதோ ஒரு கடமையோடுதான் வருவார்கள். “நான் என்னங்க செய்ய, எனக்கு மேல இருந்து சொல்றாங்க” என்று கைகளைப் பிசைந்தார். அவர் மீது ஒரு குறையும் இல்லை. அக்காவின் தோழிக்கு அழைத்தோம். அவள் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். சத்தம் போட்டால் அவள் பெயர்தான் கெடும். பதிவேட்டில் எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்கு மாறினோம்.

புள்ளியோ பங்களாவோ, இரவல் உரிமையில் தங்குகிறவர் தான் மட்டும் கடன்படுவதில்லை. கொடுத்தவரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறார். அறையில் ஒரு கண்ணாடி உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நமக்கு அநியாயம் நடந்தால் வாயைத் திறக்க முடியாதவரும் அவர். தோழிக்குத் தோழி கொடுப்பதில் அந்தக் கடன் அன்பாக இருக்கிறது, தாங்கலாம். நடுவில் தரகர் வந்துவிட்டால் அன்பு போய்விடும், ஆபத்து மட்டும் மிஞ்சும். நுவரெலியாவில் இப்போது அந்தத் தரகும் நடக்கிறது. ஊழியர் பெயரில் எடுத்த பங்களாவை வெளியாருக்குக் காசுக்குக் கைமாற்றுகிறார்கள் என்று கடைத்தெருவில் பகிரங்கமாகவே பேசிக்கொள்கிறார்கள். ரயில் ஆசனத்தில் நடந்ததேதான். அப்படி விற்கப்படும் ஒவ்வோர் இரவும், வரிசையில் நின்று கிடைக்காமல் போன ஒரு எழுதுவினைஞர் குடும்பத்தின் இரவு. அதைச் சும்மா கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிட என்னால் முடியாது.

மீதி நாட்களுக்கு நகரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் நேரடியாக அறை எடுத்திருந்தோம். சீசன் விலை. பங்களா வாடகையைப் போலப் பல மடங்கு. குளிக்க வெந்நீர் குழாயில் வந்தது, சாப்பாட்டுக்கு மணியடித்தார்கள், கணப்படுப்பு கிடையாது. ஆனால் அக்கா பெயர் புத்தகத்தில் இருந்தது. கீசர் வேலை செய்யாதபோது கீழே போய்க் கேட்டாள். உடனே ஆள் வந்து திருத்தினார். அந்தச் சின்ன அதிகாரம் அவள் முகத்தில் தெரிந்தது. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள், முடிந்தால், தங்கள் பெயரில் எடுத்த அறையில் தங்குவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் நாட்களைக் குறைக்கலாம், சீசனைத் தவிர்க்கலாம். ஜூலையிலும் இந்த மலை இங்கேதான் இருக்கும். மழை பெய்யும், அவ்வளவுதான்.

கந்தப்பளைக்குப் போனோம். ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. தேயிலை உலர்த்திய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். பிள்ளைகளுக்குச் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து பறிக்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி 2005இலிருந்து துரை பங்களாக்களையே ஆடம்பர விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு இரவு வாடகை கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளம். 2024இல் அரசாங்கம் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கட்டடங்களைக் காப்பாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன், வேலையும் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. என் மனம் ஒப்பாதது வேறு. துரைமாருக்குச் சீமைக்குப் போகும் நீண்ட லீவு இருந்தது. அரச ஊழியருக்கு வாரண்டும் பங்களாவும் இருக்கின்றன. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் முகாமையாளர்களுக்குப் பங்களாவே வீடு. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மலையை வெட்டி நட்டுப் பறிக்கிறவர்களுக்கு மட்டும் ஓய்வெடுக்க ஓர் அறை யாரும் ஒதுக்கவில்லை. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் போராடின, வீட்டுக்குப் போராடின. விடுமுறை விடுதி என்று ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். லயத்தின் கடைசிக் காம்பரா. முன்னால் தகரம் இறக்கி ஒரு குசினி சேர்த்திருக்கிறார்கள். சின்னம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், இடுப்பில் படங்கு கட்டியபடியே. ஏப்ரல் மழைக்குக் கொழுந்து பொங்கும் நேரம். நகரத்தில் சீசன் என்றால் தோட்டத்தில் நிறை கூடும் காலம். தேத்தண்ணி தந்து, பிள்ளைகளின் கன்னத்தை வழித்து, தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். வாழ்நாள் முழுக்க நுவரெலியாவிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்தவள், அங்கே ஒரு இரவும் தங்கியதில்லை. ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு, கோர்ட்டுக்கு ஒருதரம், சீதையம்மன் கோயிலுக்கு. அவ்வளவே.

“எங்களோட வாங்க சின்னம்மா, ரெண்டு நாள் தங்கிட்டு வரலாம்” என்றாள் அக்கா.

“இப்ப எப்படிம்மா, பேரு விழாது” என்றாள். பேர் என்றால் அன்றைய நாட்சம்பளம். பிறகு விரல்விட்டு எண்ணினாள். ஆடியில் காற்றும் மழையும், பிள்ளைகளுக்கு ஆகாது. ஆவணியில் கொழுந்து குறைந்திருக்கும், அப்போது வரலாம். பக்கத்துக் காம்பராச் சம்பந்தியையும் கூட்டி வரலாமா? அறையில் குசினி இருக்குமா, அரிசி கொண்டுவரவா? கட்டில் உயரமாக இருக்குமா, முட்டி வலிக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் அங்கேயே விடுதிக்கு அழைத்து, ஆவணி மாதத்துக்குக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை கேட்டார். சீசன் இல்லாததால் விலை பாதிக்கும் குறைவாகச் சொன்னார்கள். யார் பெயரில் என்று விடுதிக்காரர் கேட்டார். சின்னம்மாவின் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.